இடது பக்கம் மட்டும் சைனஸ்: ஆபரேஷனுக்கு முன் பல்லைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான்கு வருடமாக சைனஸ் தொந்தரவு. இடது கன்னம் எப்போதும் கனமாக இருக்கும், குனிந்தால் இன்னும் அதிகம். இடது மூக்கில் மஞ்சள் சளி வருகிறது, தொண்டைக்குள்ளும் இறங்குகிறது. ஒரு கெட்ட வாடை, மற்றவர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்கே அடிக்கிறது. வருடத்துக்கு நாலைந்து முறை ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன். சாப்பிடும்வரை நன்றாக இருக்கிறது, நிறுத்திய பத்துப் பதினைந்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் சைனஸில் சளி இருப்பதாகவும் மூக்கு நடுத்தண்டு வளைந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். செய்தாலும் திரும்ப வரும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரி மூக்கில் சொட்டு மருந்து விடாமல் தூக்கம் வராது, ஒரு வருடமாக விடுகிறேன். அதற்கு முன்னால் பெரிய வைத்தியம் என்று எதுவும் செய்துகொண்டதில்லை, இடது மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து கேப் போட்டதைத் தவிர. தினமும் ஆவி பிடிக்கிறேன். தலைக்குக் குளிப்பதை வாரம் ஒரு முறையாகக் குறைத்துவிட்டேன். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ரூட் கேனால் விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இடது பக்கம் மட்டும் சளி, இடது கன்னத்தில் மட்டும் கனம், நோயாளிக்கே தெரியும் கெட்ட வாடை, அதே பக்கத்தில் வேர் சிகிச்சை செய்த மேல் கடைவாய்ப் பல். இந்த நான்கும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் தேடுவதற்கு முன்னால் அந்தப் பல்லின் வேரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. மூக்கைச் சுற்றி நான்கு ஜோடி சைனஸ் அறைகள் உண்டு: கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கு நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில். இவற்றில் கன்ன அறைதான் பெரியது. அதன் தரை, மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகளுக்கு நேர் மேலே இருக்கிறது. பலருக்கு வேர் நுனிக்கும் அறைக்கும் இடையில் மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் சவ்வு மட்டுமே இருக்கும். வேர் நுனியில் சீழ் கட்டினால் அது கீழே ஈறுக்கு வருவதைவிட மேலே அறைக்குள் போவது சுலபம். பிராணவாயு இல்லாமல் வளரும் வாய்க் கிருமிகள் அங்கே பெருகுவதால்தான் அந்த வாடை.

"பல் வலிக்கவே இல்லையே?" என்று கேட்பீர்கள். ரூட் கேனால் செய்த பல்லில் நரம்பு இல்லை. சீழ் வெளியேற மேலே வழி கிடைத்துவிட்டதால் அழுத்தமும் இல்லை, அதனால் வலியும் இல்லை. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் முன்பக்க வேரில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கால்வாய்கள் இருக்கும். இரண்டாவது கால்வாய் மிகக் குறுகலானது, கண்ணுக்குத் தப்பிவிடும். அது சுத்தம் செய்யப்படாமல் விடுபட்டால் கேப் பளபளவென்று மேலே இருக்க, உள்ளே கிருமி வருடக்கணக்கில் வாழும். சாதாரண பல் எக்ஸ்ரேயிலும், வாய் முழுவதையும் எடுக்கும் ஓ.பி.ஜி. படத்திலும் மேல் வேர்களின் மீது கன்ன எலும்பின் நிழல் விழுவதால் இது தெரியாமல் போகலாம். பல் மருத்துவத்துக்கென்றே உள்ள கோன் பீம் சி.டி.யில் வேர் நுனியில் எலும்பு கரைந்திருப்பதும், விடுபட்ட கால்வாயும், அறையின் தரைச் சவ்வு தடித்திருப்பதும் தெளிவாகத் தெரியும். படத்தை எண்டோடான்டிஸ்ட் எனப்படும் வேர் சிகிச்சை நிபுணர் பார்த்தால் நல்லது. தட்டிப் பார்த்து, "பல் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஆன்டிபயாடிக் அனுபவமும் இதோடு பொருந்துகிறது. மாத்திரை ரத்தத்தின் வழியாகச் சவ்வுக்குப் போய் அங்குள்ள கிருமிகளைக் குறைக்கிறது. ரத்த ஓட்டமே இல்லாத வேர்க் கால்வாய்க்குள் அது போகாது. குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தரையைத் துடைப்பது போலத்தான், துடைத்த நேரத்துக்குத் தரை காய்ந்திருக்கும். வருடத்துக்கு நாலைந்து முறை இப்படிச் சாப்பிட்டால் குடலிலும் மூக்கிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிஞ்சும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அதே மாத்திரை வேலை செய்யாது. இனி ஆன்டிபயாடிக் தருவதாக இருந்தால், எண்டோஸ்கோப் வைத்து அறையின் வாயிலிலிருந்து சளியை எடுத்து, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பார்த்த பிறகு தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக்கடையில் போன முறை சீட்டைக் காட்டி வாங்குவதை நிறுத்திவிடுங்கள்.

பல் தவிர ஒரு பக்க சைனஸுக்கு வேறு காரணங்களும் உண்டு, அவையும் மாத்திரைக்கு அடங்காதவை. ஒன்று பூஞ்சை உருண்டை: கன்ன அறைக்குள் பூஞ்சை கட்டியாக உருண்டு கிடக்கும். வேர் சிகிச்சையில் அடைக்கும் பசை வேர் நுனியைத் தாண்டி அறைக்குள் போனவர்களுக்கு இது வருவதுண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது திசுவைத் துளைக்காத வகை. உருண்டையை எடுத்துவிட்டால் போதும், பூஞ்சை மாத்திரை தேவைப்படாது. ஆனால் எடுக்காமல் தீராது. இன்னொன்று கட்டி. மூக்குக்குள் ஒரு பக்கமாக வளரும் பாப்பிலோமா போன்றவை தொடக்கத்தில் வெறும் மூக்கடைப்பாகத்தான் தெரியும். சளியில் அடிக்கடி ரத்தம் கலந்து வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் என்றால் எண்டோஸ்கோப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து எழுதுவது சரியில்லை.

அந்த எக்ஸ்ரேயை ஒதுக்கி வையுங்கள். நாள்பட்ட சைனஸுக்கு எக்ஸ்ரேயால் பெரிய பயன் இல்லை. அதில் நடுத்தண்டு வளைந்திருப்பதாக எழுதியிருப்பதற்கும் அதிக முக்கியத்துவம் தர வேண்டாம். தண்டு நேராக இருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், வளைந்தவர்களில் பெரும்பாலோருக்கு சைனஸ் தொந்தரவே கிடையாது. எடுக்க வேண்டியது மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. சைனஸ். எடுக்கும்போது மேல் பல் வரிசை முழுவதும் படத்துக்குள் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் கன்ன அறையின் தரையோடு படத்தை நிறுத்திவிடுவார்கள், உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியதே அதற்குக் கீழேதான். பற்கள் படத்தில் இருந்தாலும் ரிப்போர்ட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது சகஜம். "வேர் நுனிகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஜலதோஷம் பிடித்திருக்கும் வாரத்தில் ஸ்கேன் எடுக்காதீர்கள். ஜலதோஷத்தில் ஆரோக்கியமானவர்களின் சைனஸிலும் சளி தெரியும், படம் ஏமாற்றிவிடும்.

ஸ்கேனுக்கு நாள் குறித்த பிறகும் காத்திருக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். பல்லோ பூஞ்சையோ அலர்ஜியோ, எந்தக் காரணமாக இருந்தாலும் நாள்பட்ட சைனஸுக்கு அடிப்படை வைத்தியம் இரண்டு: உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது, ஸ்டீராய்டு ஸ்பிரே. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனால் செய்கிற முறையில்தான் கெட்டுப்போகின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கழுவுவதற்கு மருந்துக்கடையில் 240 மி.லி. அளவுள்ள அமுக்கும் பாட்டிலும் உப்புப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. சொட்டுச் சொட்டாக விடும் சலைன் துளிகள் மூக்கின் முன்பக்கத்தை ஈரமாக்கும், அவ்வளவுதான். சளியை அலசி வெளியேற்ற அளவும் கொஞ்சம் அழுத்தமும் வேண்டும். உப்புப் பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே தயாரிக்கலாம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை தேக்கரண்டி. கூடவே அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடாதீர்கள். அயோடின் சேராத தூள் உப்பு நல்லது. அயோடின் உப்பு ஆபத்தில்லை, சிலருக்கு எரியும். கல் உப்பில் மண்ணும் தூசியும் இருப்பதால் தவிர்த்துவிடுங்கள். கழுவும்போது சுரீரென்று எரிந்தால் பெரும்பாலும் உப்பு குறைந்துபோயிருக்கும், வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரிவது போல. அளவைச் சரிபாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கூடாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவாக இருந்தாலும் தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆற வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் 3 நிமிடம். குடித்தால் ஒன்றும் செய்யாத சில அமீபாக்கள் மூக்கின் உச்சி வழியாக மூளைக்குப் போய்விடக்கூடியவை. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஜலநேதி செய்பவர்களுக்கும் இதே விதிதான். தயாரித்த உப்பு நீரை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். உள்ளே வழுவழுப்பு தட்டினால் தூக்கிப் போடுங்கள். எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

வாஷ்பேசின் முன் நின்று நன்றாகக் குனியுங்கள். தலையை அண்ணாந்து வைத்தால் தண்ணீர் தொண்டைக்குப் போகும். வாயைத் திறந்து வாய் வழியாக மூச்சு விட்டபடி, பாட்டில் நுனியை ஒரு மூக்கில் பொருத்தி மெதுவாக அமுக்குங்கள். தண்ணீர் பின்னால் சுற்றி மறு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வரும். விழுங்க முயலாதீர்கள், பேசாதீர்கள். விழுங்கும்போது காதுக்குப் போகும் குழாய் திறந்து தண்ணீர் அங்கே ஏறும். பக்கத்துக்கு அரை பாட்டில், 120 மி.லி. முடிந்ததும் குனிந்தபடியே தலையை இரு பக்கமும் சாய்த்து மிச்சத்தை வடிய விடுங்கள். இரண்டு மூக்கையும் பிடித்து வேகமாகச் சிந்த வேண்டாம், ஒவ்வொன்றாக மெல்லச் சிந்துங்கள். தண்ணீர் உடல் சூட்டில் இருக்க வேண்டும், சில்லென்றிருந்தால் நெற்றி வலிக்கும். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர் என்பதால், தினமும் ஒரு முறைதான் முடியும் என்றால் காலையைவிட வேலை முடிந்து வந்ததும் கழுவுவதே உங்களுக்குப் பொருந்தும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், மிச்சத் தண்ணீர் தொண்டையில் இறங்கி இருமல் வரும். காதில் சீழ் இருந்தாலோ, மூக்கு முழுக்க அடைத்துத் தண்ணீர் ஒரு பக்கமும் போகாமல் இருந்தாலோ கழுவ வேண்டாம்.

கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்பிரே. மொமெட்டாசோன், ஃப்ளூட்டிகாசோன் போன்றவை இதற்கு வழக்கமாக எழுதுபவை. வழக்கமான அளவு தினம் ஒரு முறை, மூக்குக்கு இரண்டு அடி. இந்த இரண்டு மருந்துகளும் மூக்கிலிருந்து ரத்தத்தில் கலப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதனால் சர்க்கரை இருப்பவர்கள் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. கண் அழுத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பிரே பலனளிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை. தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும் பிடியுங்கள். அப்போது நுனி தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். அதே பக்கக் கையால் பிடித்தால் மருந்து நடுத்தண்டில் அடிக்கும். நாலைந்து வாரத்தில் அங்கே தோல் உரிந்து ரத்தம் வரும், "ஸ்பிரே ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். அடித்தவுடன் உறிஞ்சி இழுக்காதீர்கள். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து தங்க வேண்டிய இடத்தில் தங்கவில்லை என்று பொருள். 120 அடி உள்ள பாட்டில், தினம் நான்கு அடி என்றால் 30 நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் ஓடுகிறதென்றால் நாள் தவறுகிறது. மூன்றாம் நாளே பலன் தெரியாது, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் போட்ட பிறகே பலித்ததா இல்லையா என்று முடிவு செய்யலாம்.

ராத்திரி விடும் அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து வேகம் இறங்கும்போது சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். ஒரு வருடமாக உங்கள் ராத்திரி மூக்கடைப்பில் ஒரு பங்கு இந்தச் சொட்டு மருந்தே உண்டாக்கியது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்று நான்கு ராத்திரி தூக்கம் போகும், பலரும் அங்கேதான் தோற்கிறார்கள். இப்படிச் செய்யுங்கள்: முதலில் இரண்டு வாரம் ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஒழுங்காகப் போடுங்கள். பிறகு வலது மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். இடது மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கலாம். ஒரு வாரத்தில் வலது மூக்கு தானாகத் திறந்துகொள்ளும், அப்போது இடதிலும் நிறுத்துங்கள். தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டால் சுலபமாக இருக்கும்.

இனி, ஸ்கேன் வந்த பிறகு என்ன என்று பார்ப்போம்.

பல்தான் காரணம் என்று தெரிந்தால் பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். பல்லைக் காப்பாற்ற முடியும் என்றால் கேப்பை எடுத்து வேர் சிகிச்சையை மறுபடி செய்வார்கள். வேரில் விரிசல் இருந்தால் எடுத்துவிடுவதே மேல். எடுக்கும்போது வாய்க்கும் சைனஸுக்கும் ஓட்டை விழக்கூடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறதென்றால் அன்றே சொல்லுங்கள். சிறியது தானாக மூடும், பெரியதைத் தைத்து மூட வேண்டும். பல்லைச் சரிசெய்ததும் சைனஸ் தானாகத் தெளிந்துவிடுபவர்கள் ஒரு பகுதி. மற்றவர்களுக்கு அறையின் வாயில் வீங்கி அடைத்துக்கொண்டிருப்பதால் எண்டோஸ்கோப் ஆபரேஷனும் தேவைப்படும். தொந்தரவு கடுமையாக இருந்தால் ஆபரேஷனை முதலிலும் பல்லைப் பிறகும் செய்வதுண்டு. வரிசை எப்படியும் இருக்கலாம். ஆனால் பல்லைத் தொடாமல் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டால், "செய்தாலும் திரும்ப வரும்" என்று உங்கள் அக்கம்பக்கத்தில் சொல்வது பலித்துவிடும்.

அந்த ஆபரேஷனைப் பற்றிய பயத்தில் பாதி பழைய காலத்துக் கதை. முன்பெல்லாம் மேல் உதட்டுக்கு உள்ளே கீறி, கன்ன எலும்பைத் திறந்து, உள் சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள். கன்ன அறையின் இயற்கையான வாயில் தரையில் இல்லை, மூக்கை ஒட்டிய சுவரின் மேல்பகுதியில் இருக்கிறது. சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டுபோய் அந்த வாயிலில்தான் சேர்க்கும், வேறு இடத்தில் ஓட்டை போட்டாலும் அதைத் தாண்டி இயற்கை வாயிலுக்கே போகும். இதைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் வால்ட்டர் மெசர்கிளிங்கர். அவருடைய வழியில் வந்த ஆபரேஷனுக்கு ஃபெஸ் என்ற பெயரை 1985-இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடி வைத்தார். 4 மி.மீ. எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாகவே விட்டு, இயற்கை வாயிலைப் பெரிதாக்கி, சவ்வை முடிந்தவரை விட்டுவைக்கும் முறை இது. முகத்தில் தழும்பு இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கண்ணும் மூளையும் மெல்லிய தகடு தூரத்தில் இருப்பதால் கண் காயம், மூளை நீர்க் கசிவு, அதிக ரத்தப்போக்கு ஆகியவை நடக்கச் சாத்தியமுள்ளவை, ஆனால் அரிதானவை. கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பற்றி மருத்துவர் உங்களிடம் பேசியிருக்க வேண்டும்.

ஃபெஸ்ஸுக்குப் பிறகான வாரங்கள் ஆபரேஷன் அளவுக்கே முக்கியம். மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து உப்பு நீர்க் கழுவல் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து ரத்தக்கட்டி, பொருக்குகளை எண்டோஸ்கோப் வைத்து எடுப்பார்கள். அன்று போகத் தவறினால் பொருக்கு தழும்பாக மாறி, ஆபரேஷனில் திறந்த அறை வாயில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பஞ்சுத் தூசிக்கு இரண்டு வாரம் போகாமல் இருப்பது நல்லது, விடுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 வகை மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் பஞ்சைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது.

சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு மூன்று விஷயங்கள் கூடுதல். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். அது எகிறியிருந்தால் பல்லிலும் மூக்கிலும் புண் ஆறுவது தாமதமாகும். சைனஸுக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், ஸ்பிரே போல அது பாதிப்பில்லாதது அல்ல, சில நாளிலேயே சர்க்கரையை ஏற்றிவிடும். பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி இல்லாத ஒரு பக்க சைனஸுக்கு அதன் தேவையும் குறைவு. மூன்றாவது, 2021-இல் கொரோனாவோடு வந்து நாடு முழுவதும் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை. அது நான் மேலே சொன்ன பூஞ்சை உருண்டை போலச் சாதுவானது அல்ல, சர்க்கரை கட்டுப்படாதவர்களைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கருத்த பொருக்கு, கண் வீங்கி இமை சரிவது, ஒரே பொருள் இரண்டாகத் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும், சைனஸோடு கண்ணைச் சுற்றி வீக்கம், நெற்றியில் மெத்தென்ற வீக்கம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு வந்தால் அவசரம்தான்.

இரு பக்கமும் மூக்கடைப்பு, வாசனை போய்விட்டது என்று எழுதும் வாசகர்களுக்கு ஒரு பத்தி. அது வேறு நோய். மூக்கில் சதை என்று சொன்னால் அது பாலிப்பா, வீங்கிய டர்பினேட்டா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னது நோய், பின்னது எல்லோருக்கும் உள்ள உறுப்பு. பாலிப்புக்கு ஸ்பிரே தினம் இரு வேளை, அதற்கு அடங்காவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில் கழுவும் உப்பு நீரிலேயே புடசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து கழுவுவது, பிறகு ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயை விட்டால் திரும்ப வளரும், இங்கேதான் அக்கம்பக்கத்துப் பயத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. டூபிலுமாப் என்ற ஊசி 2019-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, விலை மிக அதிகம், எல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்கு மட்டும். பாலிப்போடு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை போட்டால் மூச்சிரைப்பு வருகிறதென்றால் அந்த மாத்திரைகளை அறவே தொடக் கூடாது. சளியே இல்லாமல் தலைவலி மட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது மைக்ரேன். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலியே இருந்தது.

ஆவி பிடிப்பதால் கிருமி சாகாது, கெட்டிச் சளி கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவே. தைலம் போட்டால் மூக்கு திறந்தது போன்ற குளிர்ச்சி தெரியும், அடைப்பு அப்படியேதான் இருக்கும். உப்பு நீரில் கழுவத் தொடங்கிய பின் ஆவியை விட்டுவிடலாம். பிடித்தால் பாத்திரத்தைத் தரையிலோ மடியிலோ வைக்காதீர்கள், வெந்நீர் கவிழ்ந்து தொடை வெந்து வருகிறவர்கள் நிறைய. நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுத் தோல் கருத்துப்போவதும் தேவையில்லாத தொந்தரவு.

தலைக்குக் குளிப்பதை நிறுத்த வேண்டாம். மண்டை ஓட்டைத் தாண்டித் தண்ணீர் சைனஸுக்குள் இறங்க வழியே கிடையாது. ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் படுத்தால் சிலருக்கு மூக்கு அடைக்கும், துவட்டிக் காய்ந்த பிறகு படுங்கள். பஞ்சு ஒட்டிய தலைமுடியோடு தலையணையில் படுப்பதைவிட தினமும் குளிப்பதே உங்கள் மூக்குக்கு நல்லது.

ஆக, இந்த வாரம் கழுவலும் ஸ்பிரேயும் தொடங்குங்கள். வேர் சிகிச்சை நிபுணரிடம் கோன் பீம் சி.டி. எடுத்துக் காட்டுங்கள். மூக்கு மருத்துவரிடம் போகும்போது அந்தப் படம், பழைய ரூட் கேனால் எக்ஸ்ரே இருந்தால் அதுவும், இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக் சீட்டுகள், ஹெச்.பி.ஏ.1.சி. முடிவு நான்கையும் எடுத்துப்போய், "இது பல்லிலிருந்து வந்ததா?" என்று நேராகக் கேளுங்கள். ஆபரேஷன் தேதியை அதற்குப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.